கைக்கு ஓய்வு, முதுகுக்கு மருந்து: பேட்டரி ஸ்பிரேயருடன் சில பருத்திப் பருவங்கள்

முதுகில் மாட்டிப் பூச்சிமருந்து அடிக்கும் பேட்டரி ஸ்பிரேயரின் விலை இறங்கியிருப்பதைப் பார்த்த நண்பர் ஒருவர், கைத்தெளிப்பானைத் தூக்கிப் போட்டுவிட்டு அதை வாங்கிவிடலாமா என்று கேட்டிருந்தார். பெரம்பலூர்ப் பக்கத்துக் கரிசல் மண்ணில், மானாவாரிப் பருத்திக்கு நான் சில பருவங்களாக அதைத்தான் பயன்படுத்தி வருகிறேன். அண்மையில்தான் பேட்டரியையும் மாற்றினேன். 16 லிட்டர் டேங்க், 12 வோல்ட் பேட்டரி போன்ற விவரங்கள் அட்டைப்பெட்டியிலேயே இருப்பதால், சுமப்பவரின் உடம்புக்கு இந்தக் கருவி என்ன செய்கிறது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் அதற்குரிய பாராட்டைச் சொல்லிவிட வேண்டும். கைத்தெளிப்பானில் ஒரு கை ஓயாமல் கைப்பிடியை ஏற்றி இறக்க, மறு கை குழலைப் பிடித்திருக்கும். மாலையில் தோள்பட்டை கழன்றதுபோல் இருக்கும், சோற்றைப் பிசையக்கூட அந்தக் கை வராது. பேட்டரி ஸ்பிரேயர் வந்த நாளிலிருந்து அந்த வலி எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை. அழுத்தம் சீராக இருப்பதால் செடிக்குச் செடி மருந்து கூடுவதும் குறைவதும் நின்றுவிட்டது. இதற்காகவே கொடுத்த விலை தகும் என்று நெடுநாள் நினைத்திருந்தேன்.

என் பொறுமையைச் சோதிப்பது டேங்கின் மூடி. உள்ளே காற்று போவதற்காக அதில் ஒரு சிறு துளையும், மருந்து வெளியே வராமல் தடுக்க ஒரு ரப்பர் வால்வும் வைத்திருக்கிறார்கள். பால்போல் கலங்கும் மருந்துகளில் உள்ள கரைப்பான் பட்டுப்பட்டு அந்த ரப்பர் ஊதிப்போகிறது, விளிம்பு வாஷரும் தளர்ந்துவிடுகிறது. அதன் பிறகு வரப்பில் ஏறும்போதும், அடியிலையைப் பார்க்கக் குனியும்போதும், மருந்து கழுத்தோரமாக வழிந்து சட்டையின் முதுகுப்பக்கத்தை நனைக்கிறது. வாஷரைத் தனியாகக் கேட்டால் மூடியோடுதான் கிடைக்கும் என்கிறார் கடைக்காரர். புதிய மூடியும் அடுத்த பருவத்தில் அதே கதைதான். புரோபெனோபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பரஸ் மருந்துகள் தோல் வழியாகவே உடம்புக்குள் இறங்கி, நரம்புகளுக்குத் தேவையான கோலினெஸ்டரேஸ் நொதியை முடக்குபவை. நனைந்த சட்டை வெயிலில் முதுகோடு ஒட்டிக் கிடக்கும் நேரமெல்லாம் அந்த வேலை நடந்துகொண்டே இருக்கிறது. கூலிக்கு மருந்தடிக்க வரும் அண்ணனிடம் சட்டையை மாற்றிக்கொள்ளச் சொன்னால், "வேலை முடிஞ்சு ஒரேயடியாக் குளிச்சிக்கிறேன் தம்பி" என்பார். மாற்றுச் சட்டையும் சோப்பும் பருத்திக் கொல்லைக்கே கொண்டுபோகிறேன். கருவியைச் செய்தவர் ஒரு நல்ல ரப்பரைப் போட்டிருந்தால் இந்த ஏற்பாடெல்லாம் எதற்கு?

எடையில் குறை சொல்ல மாட்டேன். நிரம்பிய முதுகுத் தெளிப்பான் 25 கிலோவைத் தாண்டக்கூடாது என்கிறது ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண் அமைப்பு. இது அதற்குள் அடங்கிவிடுகிறது. ஆனால் அதே அமைப்பு, தோளில் படும் வார் குறைந்தது 50 மில்லிமீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. இதிலுள்ள வாரோ அந்த அளவைத் தொடவில்லை, இடுப்பில் கட்டிக்கொள்ளப் பட்டையும் கிடையாது. பாரம் முழுவதும் தோள் எலும்பில் இறங்குவதால் உடம்பு தானாக முன்னே குனிகிறது. குனிந்தால் மூடி ஒழுகுகிறது. முக்கால் டேங்க் மட்டும் நிரப்பினால் இரண்டும் குறையும் என்பது என் அனுபவம். டேங்க் கணக்கில் கூலி பேசும் ஊரில், குறைத்து நிரப்பினால் நடை கூடுகிறது, தகராறும் வருகிறது. அதனால் மருந்தடிப்பவருக்கு நாள் கூலியாகவே கொடுக்கத் தொடங்கினேன். சுற்றுவட்டாரத்தில் அது பலருக்கும் பிடிக்கவில்லை.

கவலைப்பட வேண்டிய இன்னொன்று, மோட்டார் தரும் நுண்ணிய துளி. மகாராஷ்டிராவின் யவத்மாலில் 2017ஆம் ஆண்டு பருத்திக்கு மருந்தடித்தவர்களில் 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பருத்தி அந்த ஆண்டு வழக்கத்தைவிட உயரமாக வளர்ந்திருந்ததும், மெல்லிய பனிபோல் தெளிக்கும் பேட்டரி ஸ்பிரேயர்களும் அப்போது காரணங்களாகப் பேசப்பட்டன. செடி மார்பளவு வந்துவிட்டால் துளி முகத்துக்குத்தான் வரும். நாம் அடித்த செடிக்குள் நாமே நடந்து போவோம். ஆகவே காற்றுக்கு முதுகைக் காட்டி, அடித்த வரிசையை விட்டு விலகி நடப்பதும், காற்று எழும்பினால் வேலையை நிறுத்துவதும் இந்தக் கருவியில் கட்டாயம். பெட்டியோடு இலவசமாக வந்த முகமூடி தூசிக்கானது, மருந்தின் ஆவியைத் தடுக்காது. கையுறை இரண்டாம் நாளே கிழிந்தது.

இத்தனைக்கும் பிறகு, தோள்வலி உள்ளவருக்கு பேட்டரி ஸ்பிரேயரைவிட நல்ல மாற்று இந்த விலையில் இல்லை என்பதை மறுக்க மாட்டேன். ஆனாலும், நேற்றும் முதுகை நனைத்துக்கொண்டு வந்தவன் என்ற முறையில் நண்பருக்கு என் பதில், என்னிடம் உள்ள இந்த மாடலை வாங்க வேண்டாம் என்பதே. வேறு எதை வாங்குவதானாலும், கடையிலேயே டேங்கை நிறையத் தண்ணீர் ஊற்றி, மூடியை இறுக்கி, நன்றாகச் சாய்த்துப் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். ஒரு சொட்டு கசிந்தாலும் பணத்தைக் கொடுக்காதீர்கள்.