அடிலெய்டு மலையில் நான்கு வாரம்: குடிபெயரும் முன் எடுத்த வாடகை வீடு

தென் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு மலைப்பகுதியில், உரைட்லா என்னும் சிற்றூருக்கு அருகே, திராட்சைத் தோட்டங்களை ஒட்டிய ஒரு வீட்டை நானும் என் மனைவியும் கடந்த ஜூலையில் நான்கு வாரத்துக்கு வாடகைக்கு எடுத்தோம். விடுமுறைக்காக எடுத்த வீடன்று; அந்த ஊரிலேயே குடியேறலாமா என்று முடிவு செய்ய எடுத்தது. ஆகவே மெத்தை எப்படி, காலைச் சிற்றுண்டி எப்படி என்பவற்றோடு இந்த மதிப்புரை நிற்காது. வீட்டின் பெயரையும், அதை எங்களுக்கு விட்ட முகவரின் பெயரையும் சொல்லப் போவதில்லை. நான் கண்ட குறைகளில் பாதி அந்த மலையில் எந்த வீட்டை எடுத்தாலும் எதிர்ப்படக் கூடியவை. மதிப்பெண்ணை மட்டும் பார்ப்பவர்களுக்கு: ஐந்தில் ஊருக்கு நான்கு, வீட்டுக்கு மூன்று, முகவருக்கு ஒன்று.

எங்கள் மகள் அடிலெய்டில் நிரந்தரவாசி. முந்தைய ஆண்டு மார்ச்சில் அவளைப் பார்க்கப் போனபோது மருமகன் எங்களை மலைக்குக் காரில் அழைத்துச் சென்றார். அறுவடைக் காலம், வெயில் சுடாமல் காய்ந்தது, பிக்கடில்லி பள்ளத்தாக்கில் வரிசை வரிசையாக நின்ற கொடிகளைப் பார்த்துவிட்டு, சிங்கப்பூரில் அங் மோ கியோவில் உள்ள எங்கள் வீட்டை விற்றுவிட்டு இங்கே வந்துவிடலாம் என்று என் மனைவி சொன்னாள். நானும் தலையாட்டினேன். கல்யாணக் கோலத்தில் பெண்ணைப் பார்த்துவிட்டு அவள் என்றும் அப்படியே இருப்பாள் என்று நினைப்பதற்கு ஒப்பானது அது என்று மருமகன் அப்போதே நாசூக்காகச் சொன்னார். அங்கே ஜூலையில் வரும் குளிர்காலத்தில் வந்து ஒரு மாதம் இருந்து பார்க்கும் யோசனையும் அவருடையதே.

இடத்தைப் பற்றி முதலில் கொஞ்சம். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து அடிலெய்டுக்கு நேரடி விமானத்தில் ஏறத்தாழ ஏழு மணி நேரம். நகரத்திலிருந்து மலையேற வளைந்து வளைந்து செல்லும் சாலையில் அரைமணி நேரம். இந்த மலைத்தொடரில் நகரத்துக்கு நேர் மேலே நிற்கும் மவுண்ட் லாஃப்டி எழுநூறு மீட்டருக்கு மேல் உயரம். நம் சிங்கப்பூரின் புக்கிட் தீமா குன்றின் உயரம் 164 மீட்டரைத் தொடாது என்பதை நினைத்துப் பார்த்தால், அங்குள்ள குளிரை ஒருவாறு ஊகிக்கலாம். அடிலெய்டு சமவெளியின் ஆதிக்குடிகளான கார்னா மக்களின் கதையில் இம்மலைத்தொடர் விழுந்து கிடக்கும் ஓர் அரக்கனின் உடல். மவுண்ட் லாஃப்டியும் அருகிலுள்ள மவுண்ட் போனிதனும் அவனுடைய இரண்டு காதுகள். அந்த 'இரண்டு காதுகள்' என்ற சொல்லே உரைட்லா என்று மருவியிருக்கிறது. நெடுங்காலம் காய்கறித் தோட்டங்களுக்குப் பெயர்பெற்ற இப்பகுதியில், பிரையன் குரோசர் என்பவர் 1979-இல் பிக்கடில்லியில் ஷார்டனே என்னும் வெள்ளை ஒயின் திராட்சைக் கொடிகளை நட்ட பிறகுதான் குளிர்ப்பகுதி ஒயினுக்கென்று ஒரு பெயர் ஏற்பட்டது. இன்று ஷார்டனே, பினோ நுவார், சொவின்யோன் பிளாங்க் ஆகிய திராட்சை வகைகள்தாம் அங்கே பேச்சு.

வீட்டைப் பற்றிச் சொல்வதில் முதலிடம் தண்ணீருக்கு. அந்த வீட்டுக்குக் குழாய்நீர் இணைப்பு இல்லை; கூரையில் விழும் மழை இரண்டு தொட்டிகளில் சேர்ந்து, மின்பம்பு வழியாகச் சமையலறைக்கும் குளியலறைக்கும் வருகிறது. கழிவுநீர் தோட்டத்தில் புதைத்த செப்டிக் தொட்டிக்குப் போகிறது. உரைட்லாவைச் சுற்றிய மேட்டுப் பகுதியில் ஆண்டுக்கு ஆயிரம் மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெய்கிறது. வறண்ட மாநிலமான தென் ஆஸ்திரேலியாவில் அது பெரிய அளவு. ஆனால் சிங்கப்பூரில் போல் ஆண்டு முழுவதும் பரவிப் பெய்யும் மழையன்று. மே மாதத்திலிருந்து செப்டம்பர் வரை கொட்டித் தீர்த்துவிட்டு, கோடையில் வாரக்கணக்கில் முகம் காட்டாது. ஜூலையில் நிரம்பி வழியும் தொட்டி பிப்ரவரியில் அடிமட்டத்துக்கு வந்துவிடலாம். அப்போது லாரியில் தண்ணீர் வாங்க வேண்டும். தொட்டி எத்தனை லிட்டர் கொள்ளும், சென்ற கோடையில் எத்தனை முறை லாரி வந்தது என்ற இரண்டு கேள்விகளையும் கேட்காமல் அங்கே வீடு பார்ப்பதில் பயனில்லை.

இரண்டாவது வாரத்தில் ஓர் இரவு காற்று பலமாக அடித்து எங்கோ ஒரு யூகலிப்டஸ் கிளை கம்பியின் மேல் விழ, மின்சாரம் போயிற்று. மின்சாரம் போனால் பம்பு நிற்கும், பம்பு நின்றால் குழாயில் ஒரு சொட்டும் வராது என்பது, வாழ்நாளின் பெரும்பகுதியை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியில் கழித்த எனக்குத் தோன்றவே இல்லை. முகவரின் அவசர எண்ணை அழைத்தேன். அலுவலக நேரத்தில் அழைக்குமாறு பதிவுக்குரல் பணிவோடு சொன்னது. கடைசியில் அடுத்த தோட்டத்துக்காரர், எழுபதைத் தாண்டியவர், கைவிளக்கோடு வந்து தொட்டியின் அடியில் இருந்த திருகைக் காட்டி, இரண்டு வாளிகளையும் தந்துவிட்டுப் போனார். சிங்கப்பூரில் விளக்கு எரியாவிட்டாலும் மின்தூக்கி நின்றாலும் குடியிருப்பைப் பராமரிக்கும் நகர மன்றத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்புப் போதும். அந்த மலையில் நகர மன்றம் நாமேதான் என்பது அந்த இரவில், வாளியைத் தூக்கிக்கொண்டு ஈரப்புல்லில் நடந்தபோது எனக்கு உறைத்தது.

அடுத்தது குளிர். விளம்பரத்தில் 'வீடு முழுவதும் வெப்ப வசதி' என்றிருந்தது. நடைமுறையில் அது கூடத்தில் இருந்த ஒரே ஒரு இரும்பு விறகடுப்பு. அதன் சூடு கூடத்தைத் தாண்டிப் படுக்கையறைக்கு வரவில்லை. பகலிலேயே பத்து டிகிரியை எட்டாத நாள்கள் பல இருந்தன. இருந்த விறகும் வெட்டிச் சில மாதங்களே ஆன பச்சை விறகு. அது எரிவதற்குப் பதிலாகப் புகைந்தது, கண்ணாடிக் கதவில் கரி படிந்தது. காய்ந்த ரெட்கம் (ஒருவகை யூகலிப்டஸ்) விறகைத்தான் வாங்க வேண்டும், அதையும் கோடையிலேயே வாங்கி அடுக்கிவிட வேண்டும், குளிர் தொடங்கியபின் தேடுபவருக்கு ஈரவிறகே வந்து சேரும் என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் கற்றுக்கொடுத்தார். முகவரிடம் கேட்டதற்கு, விறகு 'இலவச உபசாரம்' என்பதால் அதன் தரத்துக்குத் தாங்கள் பொறுப்பல்ல என்று மின்னஞ்சல் வந்தது. அந்த ஒரு மதிப்பெண்ணும் வரவேற்பறையில் வைத்திருந்த ஆப்பிள் கூடைக்காகவே தந்தேன். ஆப்பிள் உண்மையிலேயே நன்றாக இருந்தது. விறகடுப்பால் வேறொரு நன்மையும் கிடைத்தது: இரண்டு நாளாகப் புளிக்காமல் கிடந்த இட்லி மாவை அதன் அருகே வைத்ததும் ஒரே இரவில் பொங்கிவிட்டது.

அமைதியைப் பற்றி விளம்பரங்கள் நிறையவே பேசுகின்றன. ஜூலையில் அது உண்மை. கொடிகள் இலையுதிர்த்துக் குச்சிகளாக நிற்கும். கத்தரிக்கும் ஆள்களின் பேச்சுக்குரல் பள்ளத்தாக்கின் மறுபக்கத்திலிருந்து கேட்கும். இரவில் தெருவிளக்கே இல்லாத இருட்டு. ஆனால் திராட்சைத் தோட்டம் ஒரு தொழிற்சாலையும்கூட. வசந்தத்தில் இளந்தளிர்களை உறைபனியிலிருந்து காக்க விடியற்காலையில் காற்றாடி இயந்திரங்களை ஓட்டுபவர்கள் உண்டு. பழம் பழுக்கும் நாள்களில் பறவைகளை விரட்ட வெடியொலி எழுப்பும் எரிவாயுக் குழல்கள் உண்டு. கொடி வளரும் பருவம் முழுவதும் கந்தகம் போன்ற மருந்துகளைத் தெளிக்கும் டிராக்டர்கள் உண்டு. வார இறுதிகளில் மோட்டார் சைக்கிள்களும் மிதிவண்டிக் கூட்டங்களும் ஒயின் சுவைக்க வருபவர்களும் அந்தக் குறுகிய சாலைகளை நிறைத்துவிடுகிறார்கள். நீங்கள் விரும்பும் வீட்டின் வேலிக்கு அப்பால் இருப்பது யாருடைய தோட்டம், அவர்கள் இவற்றுள் எதைப் பயன்படுத்துகிறார்கள் என்று நேரில் கேட்டுவிடுங்கள். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

கேட்காமல் தோட்டத்துக்குள் கால்வைத்தால்தான் கோபம் வரும். அதற்குக் காரணம் வெறும் மரியாதையன்று. 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் கொடிகளை வேரோடு அழித்த ஃபைலாக்ஸெரா என்னும் சிறுபூச்சி தென் ஆஸ்திரேலியாவுக்குள் இன்றுவரை நுழையவில்லை; அது காலணியில் ஒட்டிய மண்ணில்கூடப் பயணம் செய்யும். படம் எடுக்கும் ஆசையில் நான் இரண்டடி உள்ளே போனபோது, வாயிற்பலகையை ஒருவர் சுட்டிக்காட்டினார்.

ஒயின் சுவைக்கூடங்களுக்குப் போகும்போது வேறொரு கணக்கும் தேவை. சிங்கப்பூரில் வண்டி ஓட்டுபவருக்கு 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் மதுவரை சட்டம் பொறுக்கும். அங்கே 50 மட்டுமே. பேருந்து இருக்கிறது, ஆனால் ஒன்றை விட்டால் அடுத்ததற்குக் காத்திருப்பதற்குள் பொறுமை போய்விடும். ஆகவே இருவரில் ஒருவர் எப்போதும் குடிக்காமல் இருந்தாக வேண்டும். எங்கள் வீட்டில் அது நான். இரவில் கங்காருவும் கோவாலாவும் சாலையைக் கடப்பதால், இருட்டியபின் வெளியே போவதை இரண்டாம் வாரத்திலேயே நிறுத்திவிட்டோம்.

எல்லாவற்றிலும் பெரிய விஷயத்தை ஜூலையில் பார்க்க முடியாது. அது நெருப்பு. 1983 பிப்ரவரி 16 அன்று, 'சாம்பல் புதன்' என்று நினைவுகூரப்படும் நாளில், விக்டோரியாவிலும் தென் ஆஸ்திரேலியாவிலும் சேர்த்து 75 பேர் காட்டுத்தீக்குப் பலியானார்கள். அவர்களுள் 28 பேர் தென் ஆஸ்திரேலியாவில் இறந்தவர்கள். மவுண்ட் லாஃப்டியின் முகட்டிலிருந்த பழைய மாளிகைகள் அன்று எரிந்தன. 2019 டிசம்பர் 20 அன்று கட்லி கிரீக் அருகே மூண்ட தீ ஏறத்தாழ 23,000 ஹெக்டேர் நிலத்தையும் எண்பதுக்கும் மேற்பட்ட வீடுகளையும் பல திராட்சைத் தோட்டங்களையும் அழித்தது. தீ தொடாத கொடிகளும் தப்புவதில்லை. புகை பழத்தில் இறங்கிவிட்டால் அந்த ஆண்டின் ஒயினில் சாம்பல் சுவை வந்துவிடும்.

அதனால் அங்கே கோடைக்காலம் தீ அபாய எச்சரிக்கையை ஒட்டியே நகர்கிறது. 2022 செப்டம்பரிலிருந்து நாடு முழுவதும் நான்கு படிகள்: மிதம், உயர்வு, தீவிரம், பேரழிவு. கடைசிப் படி அறிவிக்கப்பட்டால், தீ எங்கும் மூளாவிட்டாலும் காலையிலேயே மலையை விட்டு இறங்கிவிடுமாறு தீயணைப்புச் சேவை சொல்கிறது. அபாயம் மிகுந்த நாள்களில் கம்பிகளால் தீ மூளாதிருக்க மின்சாரத்தை முன்கூட்டியே துண்டிக்கவும் மின் விநியோக நிறுவனத்துக்கு அதிகாரம் உண்டு. மின்பம்பை நம்பியிருக்கும் வீட்டில் அதன் பொருள் என்னவென்று நான் மேலே சொன்ன இரவை வைத்து நீங்களே ஊகிக்கலாம். எங்களுக்கு வந்த வீட்டுக் குறிப்பேட்டில் காபி இயந்திரத்தைப் பற்றி இரண்டு பக்கம் இருந்தது. தீயைப் பற்றி ஒரு வரியும் இல்லை. கோடையில் வருபவர்களுக்கும் அதே குறிப்பேடுதான் என்றால் அது மன்னிக்கத்தக்கதன்று.

கடைகண்ணியைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. பாலுக்கும் ரொட்டிக்கும் ஊரிலேயே வழியுண்டு, பெரிய சாமான்களுக்கு மலையிலேயே உள்ள ஸ்டர்லிங் ஊருக்குப் போக வேண்டும், பருப்பும் புழுங்கல் அரிசியும் கீழே நகரத்தில்தான். புதுக் கறிவேப்பிலையைச் சிங்கப்பூரிலிருந்து கொண்டுபோக அனுமதியில்லை. தொட்டியில் செடி வளர்க்கலாம் என்றால் மலையின் உறைபனியை அது தாங்காது. மருத்துவத்தில் ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: அம்மாநிலத்தில் ஆம்புலன்ஸ் இலவசமன்று. காப்பீடு இல்லாமல் ஒருமுறை அழைத்தால் ஆயிரம் ஆஸ்திரேலிய வெள்ளிக்கு மேல் ஆகிவிடும்.

சட்டமும் பணமும் தனி. வெளிநாட்டவர் ஏற்கெனவே கட்டப்பட்ட வீடுகளை வாங்க 2025 ஏப்ரல் 1 முதல் 2027 மார்ச் 31 வரை ஆஸ்திரேலிய அரசு தடை அறிவித்தது. தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும். வாங்க அனுமதி உள்ள சந்தர்ப்பங்களிலும் தென் ஆஸ்திரேலியா வெளிநாட்டவரிடம் 7 விழுக்காடு கூடுதல் வரி வாங்குகிறது. பெற்றோர் விசாவுக்கான காத்திருப்போ ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. ஆகவே எங்களைப் போன்றவர்கள் முதலில் யோசிக்க வேண்டியது வாங்குவதை அன்று, நீண்டகால வாடகையை. வீவக வீட்டை விற்கும் பேச்சை நாங்கள் இப்போதைக்கு நிறுத்தி வைத்திருக்கிறோம்.

கடைசி ஞாயிற்றுக்கிழமை அடிலெய்டு நகரின் ஓக்லண்ட்ஸ் பார்க் பகுதியில் உள்ள பிள்ளையார் கோயிலுக்குப் போனோம். அங்கே பழக்கமான இலங்கைத் தமிழ் அம்மா ஒருவர் பல ஆண்டுகளாக மலையில் வசிப்பவர். நாங்கள் வீடு பார்ப்பதாகச் சொன்னதும் சிரித்துவிட்டு, "அண்ணை, குளிரைப் பார்த்திட்டியள், நல்லது. தை மாசம் வந்து ரெண்டு கிழமை இருந்து பாருங்கோ. பிறகு யோசியுங்கோ" என்றார். வரும் ஜனவரிக்கு வேறொரு முகவரிடம், இரண்டு வளைவு தள்ளி ஒரு வீட்டை இரண்டு வாரத்துக்கு எடுத்திருக்கிறோம். மின்சாரம் இல்லாதபோது டீசலில் ஓடும் பம்பு இருக்கிறதா என்று கேட்டு, அதன் படத்தை அனுப்பச் சொல்லிப் பார்த்த பிறகே முன்பணம் கட்டினேன்.