ஸ்ட்ராஸ்பூர்க் நீதிமன்றம்: கட்டணம் இல்லை, படிவத்தில் தவறு செய்ய இடமும் இல்லை

பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் இருக்கும் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்தில் மனுப் போட ஒரு யூரோகூடக் கட்ட வேண்டாம். தொடக்கத்தில் வழக்கறிஞரும் கட்டாயமில்லை. உரிமையை மீறியது ஐரோப்பியக் கவுன்சிலின் (இது ஐரோப்பிய ஒன்றியம் அல்ல) 46 நாடுகளில் ஒன்றாக இருந்தால் போதும். அந்நாட்டுக் குடியுரிமை உங்களுக்குத் தேவையில்லை. ஆசியாவுக்கு இப்படியொரு நீதிமன்றமே கிடையாது என்பதை நினைத்தால் இதன் அருமை புரியும்.

பலர் சறுக்குவது படிவத்தில். நீதிமன்ற விதி 47-இன்படி நடந்தது என்ன, எந்த உரிமை மீறப்பட்டது, உள்நாட்டில் எந்தெந்த நீதிமன்றம் ஏறினீர்கள் என்ற மூன்றும் படிவத்துக்குள்ளேயே முழுமையாக இருக்க வேண்டும். கூடுதலாக 20 பக்கம் இணைக்கலாம்தான். ஆனால் "இணைப்பைப் பார்க்கவும்" என்று எழுதிக் கட்டத்தைக் காலியாக விட்டால் மனு ஏற்கப்படாது. உள்நாட்டுத் தீர்ப்புகளின் நகல்களைத் தேதி வரிசையில் அடுக்கிப் பக்க எண் போடுங்கள். ஸ்டேப்லர் அடிக்காதீர்கள். மூல ஆவணங்களை அனுப்பாதீர்கள், திரும்பி வராது. கையெழுத்து மட்டும் அசலாக இருக்க வேண்டும்.

உள்நாட்டின் இறுதி முடிவிலிருந்து 4 மாதம்தான் கெடு. 2022 பிப்ரவரி 1-க்கு முன் 6 மாதமாக இருந்தது. பழைய குறிப்புகளை நம்பி ஏமாற வேண்டாம். மனு தபாலில்தான் போக வேண்டும், அஞ்சல் முத்திரைத் தேதியே கணக்கு. குறையுள்ள மனுவால் கெடு நிற்காது, முழுக் கட்டையும் மறுபடி அனுப்ப வேண்டும். அதனால் மூன்றாம் மாதத்துக்குள் அனுப்பிவிடுவதே புத்திசாலித்தனம்.

பெரும்பாலான மனுக்கள் தள்ளுபடியாகின்றன. ஒற்றை நீதிபதி தள்ளிவிட்டால் மேல்முறையீடு இல்லை. இந்தச் சேவையின் மிகக் கடுமையான பகுதி இதுதான்.

விதி 39 தனிக் கதை. நாடுகடத்தலால் உயிருக்கோ உடலுக்கோ மீட்க முடியாத ஆபத்து நெருங்கினால் இடைக்காலத் தடை கேட்கலாம். ஈழத் தமிழர் பலரை இது விமானத்தில் ஏறாமல் காத்திருக்கிறது. பிரிட்டனுக்கு எதிரான 2008 தீர்ப்பில், இலங்கை ராணுவம் ஆறு முறை பிடித்துவைத்த ஒரு தமிழரின் தழும்புகளும், அப்போது எடுக்கப்பட்ட புகைப்படம், கைரேகைகளும் சேர்த்தே எடைபோடப்பட்டன. அவரைத் திருப்பி அனுப்பினால் சித்திரவதையைத் தடைசெய்யும் ஐரோப்பிய மனித உரிமைகள் உடன்படிக்கையின் பிரிவு 3 மீறப்படும் என்றது நீதிமன்றம். பிரான்ஸுக்கு எதிரான 2013 வழக்கில் தீக்காயங்களை விவரித்த மருத்துவச் சான்றிதழ்தான் வழக்கைத் தூக்கி நிறுத்தியது. ஆகவே காயம் இருந்தால் சான்றிதழ் வாங்குவதை முதல் வேலையாகச் செய்யுங்கள்.

விதி 39 கோரிக்கையை மின்னஞ்சலில் அனுப்பினால் எடுபடாது. அதற்கென உள்ள இணையதளம், தொலைநகல், தபால் ஆகியவைதான் வழி. இறுதி நிராகரிப்புக் கடிதத்தையும், விமானம் புறப்படும் தேதி, நேரத்தையும் முதல் பக்கத்திலேயே வையுங்கள்.