கத்தோலிக்கமா, ஆர்த்தடாக்ஸா: என் மகனின் திருமுழுக்கு

தூத்துக்குடியில் கத்தோலிக்கப் பெண்ணாக வளர்ந்து, திருமணத்துக்குப் பின் கணவரின் மலங்கரா ஆர்த்தடாக்ஸ் சபையில் (கேரளத்தின் பழைய கிறிஸ்தவச் சபைகளில் ஒன்று) சேர்ந்தவள் நான். ஆகவே இரண்டையும் ஒப்பிடும்போது என்னிடம் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

பலரும் அறிந்தவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். திருத்தந்தையின் தலைமையையும், 1870இல் வரையறுத்த தவறாவரத்தையும் (விசுவாசக் கோட்பாட்டை அதிகாரபூர்வமாக அறிவிக்கையில் அவர் தவற மாட்டார் என்பது) ஆர்த்தடாக்ஸ் சபைகள் ஏற்பதில்லை. நான் வளர்ந்த லத்தீன் வழிபாட்டில் நற்கருணைக்கு (கிறிஸ்துவின் உடலாக வாங்கி உண்பது) புளிப்பற்ற அப்பம். இங்கே புளித்த மாவு. மணமானவரும் இங்கே குருவாகலாம், ஆயராக முடியாது. ஈஸ்டருக்கு முந்தைய பெரிய நோன்பில் ஐம்பது நாளும் மீன் கிடையாது. தூத்துக்குடிக்காரிக்கு அது சின்ன விஷயம் அல்ல.

என்னை இழுத்தது திருமுழுக்குதான், அதாவது ஞானஸ்நானம். ஒன்பது வயதில் வெள்ளை உடுப்பு போட்டுப் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கினேன். தைலம் பூசி விசுவாசத்தில் உறுதிப்படுத்தும் உறுதிபூசுதலுக்கு, ஆயர் பங்குக்கு வரும்வரை மேலும் சில ஆண்டுகள் காத்திருந்தேன். என் மகனுக்கோ மூன்றும் ஒரே காலையில் முடிந்தன: முழுக்கு, மூறோன் தைலப் பூசுதல் (இங்கே உறுதிபூசுதல் இதுதான்), நற்கருணை. அப்போது அவனுக்குத் தலைகூட நிற்கவில்லை.

புரியாத குழந்தைக்கு எதற்கு என்று முதலில் நானும் கேட்டேன். ஆனால் தொடக்க நூற்றாண்டுகளில் மேற்கிலும் குழந்தைகளுக்கு இந்த மூன்றையும் கொடுத்திருக்கிறார்கள். பூசுதலை ஆயருக்கே ஒதுக்கியதால் அது முழுக்கிலிருந்து பிரிந்தது. 1215இல் ரோமில் ஆயர்கள் கூடிய லாத்தரன் சங்கம் நற்கருணையைப் பகுத்தறியும் வயதோடு சேர்த்தது. அந்த வயதை ஏழு அளவுக்குக் கொண்டுவந்தவர் திருத்தந்தை பத்தாம் பயஸ், 1910இல். கிழக்கில் ஆயர் புனிதப்படுத்திய தைலத்தைக் குருவே பூசுகிறார், அதனால் யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. தாய்ப்பாலைப் புரிந்துகொண்டா பிள்ளை குடிக்கிறது?

ஒன்றை மறைக்கக் கூடாது. திருத்தந்தையை ஏற்று, கிழக்கு வழிபாட்டு முறையைக் காக்கும் கீழைக் கத்தோலிக்கச் சபைகளிலும் முழுக்கோடு பூசுதல் உண்டு. குழந்தை நற்கருணைக்கும் அவர்களின் 1990 சட்டத்தொகுப்பு இடம் தருகிறது. 1930இல் ரோமோடு இணைந்த சீரோ மலங்கரா சபைக்கே போயிருக்கலாமே என்றால், போயிருக்கலாம்தான். கணவரின் பங்கு இதுவாக இருந்தது. நான் பழகியதும் இந்த ஒரு பங்கில் மட்டும்தான். கிரேக்க, ரஷ்ய சபைகளும் ஆர்த்தடாக்ஸ்தான் என்றாலும், கிறிஸ்துவின் இயல்புகளை வரையறுத்த 451 கல்கெதோன் சங்கத்தை ஏற்றவை. எங்கள் சபை ஏற்காதது.

கத்தோலிக்கத்தின் கை ஓங்கும் இடமும் உண்டு. தானாக விரும்பிக் கேட்டு, தகுந்த மனநிலையோடு வரும் ஆர்த்தடாக்ஸ் விசுவாசிக்குக் கத்தோலிக்கக் குரு நற்கருணை தரலாம். இங்கே கத்தோலிக்கருக்குக் கொடுப்பதில்லை. முழுக்கு நாளில் பேரனை மடியில் வைத்திருந்த அம்மா, அவனை என்னிடம் கொடுத்துவிட்டுப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள்.