அமெரிக்காவா, ஜெர்மனியா: பயோமெடிக்கல் பிஎச்டிக்கு எங்கே விண்ணப்பிப்பது?

எம்எஸ்சி முடிக்கும் நேரத்தில் என் வகுப்பில் பாதிப் பேருக்கு இதே குழப்பம். நான் அமெரிக்கா வந்தேன், என் தோழி ஹைடல்பர்க் போனாள். ஜெர்மனி பற்றி இங்கே சொல்வதில் பெரும்பகுதி அவள் சொல்லிக் கேட்டது. என் சாய்வு அமெரிக்கா பக்கம்தான்.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடுகிறேன். இரண்டு நாட்டிலும் பயோமெடிக்கல் பிஎச்டிக்குக் கையிலிருந்து பணம் கட்டுவதில்லை, அவர்கள்தான் மாதாமாதம் கொடுக்கிறார்கள். ஜெர்மனியில் மூன்று, நான்கு வருடத்தில் முடியும். அமெரிக்காவில் ஐந்து, ஆறு ஆகும். அங்கே பொதுவாக முதுகலை வேண்டும், இங்கே இளங்கலையோடும் சேரலாம். அமெரிக்க விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசம்பர் தொடக்கத்தில் மூடும். மூன்று பரிந்துரைக் கடிதம், ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் நூறு டாலரை ஒட்டிய கட்டணம். ஜிஆர்இ நுழைவுத் தேர்வை நிறைய இடங்களில் எடுத்துவிட்டார்கள். ஜெர்மனியில் லேப் விளம்பரங்கள் வருடம் முழுக்க வந்துகொண்டிருக்கும்.

என் முடிவைத் தீர்மானித்தது கைடு விஷயம்தான். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் பிப்ஸ், வட கரோலினா பல்கலைக்கழகத்தின் பிபிஎஸ்பி போன்ற அம்பரெல்லா புரோகிராம்களில், அதாவது பல துறைகளுக்கும் சேர்த்து ஒரே சேர்க்கை நடத்தும் இடங்களில், உங்களைச் சேர்ப்பது புரோகிராம். லேபை நீங்கள் பிறகு தேர்ந்தெடுக்கலாம். முதல் வருடத்தில் வழக்கமாக மூன்று லேப்களில் சில வாரங்கள் வீதம் ரொட்டேஷன். அந்த வாரங்களில் பெரிய ஆராய்ச்சி ஒன்றும் நடந்துவிடாது. ஆனால் ஒரு எக்ஸ்பெரிமென்ட் சொதப்பினால் குரூப் மீட்டிங்கில் கைடு எப்படிப் பேசுகிறார், சீனியர்கள் எத்தனை வருடமாக அங்கேயே இருக்கிறார்கள், அவர்கள் பேப்பர் டிராஃப்ட் எத்தனை மாதம் மேஜையில் தூங்குகிறது என்பதெல்லாம் தெரிந்துவிடும். எந்த இன்டர்வியூவிலும் இது தெரியாது.

அதோடு பணத்தையும் பார்க்க வேண்டும். மருத்துவ ஆராய்ச்சிக்கு நிதி கொடுக்கும் அமெரிக்க அரசு அமைப்பு என்ஐஎச். அதன் டி32 பயிற்சி நிதியும் எஃப்31 ஃபெல்லோஷிப்பும் அமெரிக்கக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும்தான். நம்மைப் போன்றவர்களுக்கு முதல் வருடத்துக்குப் பிறகு பெரும்பாலும் கைடின் கிராண்ட்தான் சோறு போட வேண்டும். கைடுகளுக்கு என்ஐஎச் கொடுக்கும் ஆர்01 கிராண்ட் அதிகபட்சம் ஐந்து வருடம். அது எப்போது முடிகிறது என்பதை என்ஐஎச் ரிப்போர்ட்டர் தளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். எனக்குப் பிடித்த இரண்டாவது லேபின் கிராண்ட் அடுத்த வருடமே முடிவதாக இருந்தது. நேரடியாகக் கேட்டேன். "புதுப்பித்தால்தான் உன்னை எடுக்க முடியும்" என்றார் அந்தக் கைடு. சரி என்று மூன்றாவது லேபில் சேர்ந்தேன். இன்னும் அங்கேதான் இருக்கிறேன்.

ஜெர்மனியில் முதல் நாளிலிருந்தே நீங்கள் ஒரு லேபின் ஊழியர். உயிரியலில் பொதுவாக டிவி-எல் என்ற மாநில அரசு ஊதிய அட்டவணையின் இ13 நிலையில் 65 சதவீத ஒப்பந்தம், அதாவது முழுச் சம்பளத்தில் 65 சதவீதம். மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியப் பங்களிப்பு, சம்பளத்தோடு விடுப்பு எல்லாம் சட்டப்படி உண்டு. இது சின்ன விஷயமில்லை. தோழி மூன்று வாரம் ஊருக்கு வந்து போகும்போது எனக்கு வயிற்றெரிச்சல்தான். ஆனால் கைடு ஒத்துவரவில்லை என்றால் லேப் மாறுவது புது வேலை தேடுவதற்குச் சமம். விசாவும் அந்த வேலையோடு கட்டுண்டது. மாக்ஸ் பிளாங்க் ஆராய்ச்சி நிறுவனங்கள் நடத்தும் ஐஎம்பிஆர்எஸ் என்ற பிஎச்டி பள்ளிகளில் கைடைத் தவிர ஆலோசனைக் குழு ஒன்றும் இருப்பதால் கொஞ்சம் பாதுகாப்பு. கோட்டிங்கன் மூலக்கூறு உயிரியல் திட்டத்தில் முதல் வருட ரொட்டேஷனே உண்டு. ஜெர்மனிதான் என்று முடிவு செய்தவர்கள் அதை முதலில் பாருங்கள்.

யாரிடம் வேலை செய்யப் போகிறோம் என்று ஏற்கெனவே தெரிந்தவர்களுக்கு, அதாவது அந்த லேபிலேயே புராஜெக்ட் செய்தவர்களுக்கு, என் வாதம் பொருந்தாது. அவர்கள் ஜெர்மனி போய் இரண்டு வருடத்தை மிச்சம் பிடிக்கலாம். இன்னொன்று, 2025இல் என்ஐஎச் நிதி ஆட்டம் கண்டபோது மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் சான் மருத்துவப் பள்ளி கொடுத்த பிஎச்டி இடங்களையே திரும்பப் பெற்றது. அதனால் இப்போது அமெரிக்காவுக்கு மட்டும் போடச் சொல்ல எனக்குத் தைரியமில்லை, இரண்டுக்கும் போடுங்கள். அமெரிக்க இன்டர்வியூவில் "கேள்வி ஏதாவது?" என்பார்கள். அப்போது கேளுங்கள்: போன வருடம் மூன்று ரொட்டேஷனும் முடித்து லேப் கிடைக்காமல் நின்றவர்கள் எத்தனை பேர், அவர்களுக்கு நீங்கள் என்ன செய்தீர்கள்?