பாய்க் கட்டுமரமா, மோட்டார் ஃபைபர் வள்ளமா: ஆண்டுச் செலவு எதற்கு எவ்வளவு?

குளச்சல், முட்டம் பக்கம் வாங்கும் விலையைத்தான் எல்லாரும் ஒப்பிடுகிறார்கள். கையைக் கடிப்பது அதற்குப் பிறகுதான்.

எரிபொருள்
கட்டுமரம்: கிடையாது. விடியுமுன் கரைக்காற்றில் போய், பகலில் கடற்காற்றில் திரும்பலாம். காற்று விழுந்தால் துடுப்புதான்.
வள்ளம்: கடலுக்குப் போகும் நாளெல்லாம் செலவு. ஆண்டுக் கணக்கில் பெரும்பங்கு இதுவே.

பராமரிப்பு
கட்டுமரம்: கயிறும் பாயும். தடிகள் நீர் குடித்துக் கனத்துவிடும். கரையேறியதும் அவிழ்த்துக் காயவைக்க வேண்டும். பருத்திப் பாயை ஈரத்தோடு சுருட்டினால் பூஞ்சை பிடித்துத் தையலோரம் கிழியும்.
வள்ளம்: எஞ்சினை நல்ல தண்ணீரில் ஓட்டிக் கழுவாவிட்டால் குளிர்நீர் வழியில் உப்பு அடைக்கும், எஞ்சின் சூடேறும். கியர் ஆயிலை எஞ்சின் ஓடும் சுமார் 100 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பழைய ஆயில் பால் நிறத்தில் வடிந்தால் சீல் போய் உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது. நீர்ப்பம்பின் இம்பெல்லரை (நீரைத் தள்ளும் ரப்பர்ச் சக்கரம்) ஆண்டுக்கு ஒன்று மாற்றிவிடுங்கள், அதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

உடல்
கட்டுமரம்: நீரிலேயே கிடந்தால் கடற்புழு துளைக்கும்.
வள்ளம்: மணலில் இழுபட்டு அடிப்பகுதி ஜெல்கோட் (ஃபைபரின் வெளிப்பூச்சு) தேயும். இழை தெரிந்ததும் காயவைத்து, தேய்த்து, மேட்டும் (கண்ணாடியிழை விரிப்பு) ரெசினும் (பிசின்) போட வேண்டும். 100 கிராம் ரெசினுக்கு அதை இறுக வைக்கும் ஹார்டனர் 1 முதல் 2 கிராம். ஈரத்தின் மேல் ஒட்டினால் உரியும். மோட்டார் மாட்டும் பின்பலகையின் போல்ட் துளைகளையும் பாருங்கள். உள்ளே ஒட்டுப்பலகை இருந்தால் சத்தமில்லாமல் அழுகும்.

கரையோரத்தில் தூண்டிலோ சிறு வலையோ போடும் ஒருவர், இருவருக்குக் கட்டுமரம் போதும். தூரம் போய்ச் சீக்கிரம் திரும்பிச் சந்தையைப் பிடிக்க வேண்டுமென்றால் வள்ளம். ஆனால் அடுத்த எஞ்சினுக்கான பணத்தை முதல் மாதத்திலிருந்தே தனியாக ஒதுக்குங்கள்.