பாய்மரக் கப்பலா, நூறு பேர் கப்பலா? துருவத்துக்குக் கேமராவோடு போக நினைக்கும் டெல்டாக்காரர்களுக்கு

கோடியக்கரையில் கார்த்திகை, மார்கழி மாதங்களில் படுத்துக் கிடந்து உள்ளான்களைப் படமெடுத்தவர்களுக்குத் துருவம் அவ்வளவு தூரத்து ஊர் இல்லை. சதுப்பில் ஓடியோடி மேயும் கொசு உள்ளானும் வளைமூக்கு உள்ளானும் சைபீரியாவின் வடகோடியில் குஞ்சு பொரித்துவிட்டுத்தான் இங்கே வந்து இறங்குகின்றன. கல்திருப்பி உள்ளான், நார்வேக்கு வடக்கே ஆர்க்டிக் கடலில் இருக்கும் ஸ்வால்பார்ட் தீவுகளிலும் கூடு வைக்கிறது. பாதி வருஷம் நம் கரையில் இருக்கிற பறவைகள் மீதி வருஷம் எப்படிப்பட்ட இடத்தில் இருக்கின்றன என்று பார்க்கும் ஆசை, தஞ்சாவூர், திருவாரூர், வேதாரண்யம் பக்கத்துப் புகைப்பட நண்பர்கள் பலருக்கு உண்டு. கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி: எந்தக் கப்பலில் போவது?

சந்தையில் இருப்பவை நாலு வகை. ஒன்று, ஸ்வால்பார்ட் தீவுகளைச் சுற்றும் பழைய பாய்மரக் கப்பல்கள். 1910-இல் கட்டப்பட்ட நூர்டர்லிக்ட் அப்படிப்பட்டது. 20 பயணிகளுக்குத்தான் இடம். இரண்டு, அதே தீவுகளில் 12 பேரை மட்டும் ஏற்றிக்கொண்டு போகும் சிறிய மோட்டார் கப்பல்கள். 12 என்பதற்குக் காரணம் இருக்கிறது: அதற்கு மேல் ஓர் ஆள் ஏறினாலும் சர்வதேசக் கடல் பாதுகாப்பு விதிப்படி அது பயணிகள் கப்பலாகிவிடும், கட்டுப்பாடுகள் கூடும். மூன்று, நூறு முதல் இருநூறு பேர் போகும் ஆய்வுப்பயணக் கப்பல்கள். நான்கு, தெற்கே அண்டார்க்டிகாவுக்குப் போகும் பாய்மரக் கப்பல். இதில் பேர் பெற்றது 1911-இல் ஹாம்பர்க்கில் கட்டப்பட்ட யூரோப்பா.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் முறை போகிறவர்கள் ஸ்வால்பார்டுக்கு, இருபது பேர் பாய்மரக் கப்பலில், ஆகஸ்ட் நடுவில் போவது நல்லது. ஆனால் ஒரு நிபந்தனை: இருபது பேரும் படமெடுக்க வந்தவர்களாக இருக்க வேண்டும். இந்த நிபந்தனை இல்லையென்றால் பாய்மரத்தின் லாபத்தில் பாதி போய்விடும்.

ஏன் என்றால், ஸ்வால்பார்டில் கரையிறங்கினால் தனியாகத் திரிய முடியாது. பனிக்கரடி எங்கே வேண்டுமானாலும் படுத்திருக்கலாம் என்பதால் வழிகாட்டி துப்பாக்கியோடு வருவார், குழு அவரை விட்டுப் பிரியாமல் நடக்க வேண்டும். சின்னக் கப்பலில் வழிகாட்டிகள் ஒன்றிரண்டு பேர்தான். நீங்கள் ஒரு பனிநரிக் குட்டிக்காக ஒரு மணி நேரம் உட்கார வேண்டுமென்றால் மொத்தக் குழுவும் உட்கார வேண்டும். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குள் படகில் போனவர்களுக்கு இது புரியும். லகூனைச் சுற்றிப் பார்க்க வந்த குடும்பம் ஒன்று கூட இருந்தால், மீன்கொத்திக்காக எஞ்சினை அணைத்துவிட்டு அரைமணி காத்திருங்கள் என்று படகோட்டியிடம் கேட்க மனசு வராது. அங்கேயும் அதே கதைதான், செலவு மட்டும் பல மடங்கு. ஆகவே கப்பலின் அழகைப் பார்ப்பதற்கு முன், அந்தப் பயணம் புகைப்படக்காரர்களுக்கென்றே மொத்தமாக எடுக்கப்பட்டதா, தனித்தனியாக இடம் விற்கப்படுகிறதா என்று கேளுங்கள்.

அடுத்தது வெளிச்சம். நம் ஊரில் சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக ஏறுகிறது. பொன் வெயில் அரைமணி நேரம், அதற்குப் பின் வெள்ளை வெயில். 78 டிகிரி வடக்கில் இருக்கும், ஸ்வால்பார்டின் முக்கிய ஊரான லாங்இயர்பியனில் ஏப்ரல் 20 வாக்கிலிருந்து ஆகஸ்ட் 22 வாக்கு வரை சூரியன் மறைவதே இல்லை. ஆனால் ஜூன் கடைசியில் நள்ளிரவிலும் அது அடிவானத்துக்கு 11 டிகிரிக்கு மேலேயே நிற்கும். பிரமாதமான பொன்னிறம் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. ஆகஸ்ட் நடுவுக்குப் பிறகுதான் அது இரவில் அடிவானத்தைத் தொட்டும் தொடாமலும் கிடையாக நகர்கிறது. நமக்கு அரைமணியில் தீர்ந்துபோகிற வெளிச்சம் அங்கே பல மணி நேரம் தங்கும்.

அந்த வெளிச்சம் வருவது இராத்திரி பத்து மணிக்கும் விடியற்காலை மூன்றுக்கும் நடுவில். இங்கேதான் பெரிய கப்பல் தோற்கிறது. நூற்றைம்பது பேருக்குச் சாப்பாடு, படகு, வழிகாட்டி எல்லாம் ஒழுங்கு செய்ய வேண்டியிருப்பதால் காலையில் ஓர் இறக்கம், மதியம் ஓர் இறக்கம் என்று அட்டவணை இறுகிவிடும். பாயில் போகும் இருபது பேர் கப்பல் ஓர் அமைதியான விரிகுடாவில் நங்கூரமிட்டால், இரவைப் பகலாக்கிக்கொள்ளலாம். காலை உணவைப் பதினொரு மணிக்குத் தள்ளிவைக்கலாம். மாலுமிகளுக்கும் ஓய்வு நேரம் உண்டு என்பதால் இதைக் கிளம்புவதற்கு முன்பே பேசி வைக்க வேண்டும், கடைசி நேரத்தில் கேட்கக் கூடாது.

உயரமும் முக்கியம். கோடியக்கரையில் பூநாரையை நின்றுகொண்டு எடுத்த படத்துக்கும் சேற்றில் படுத்து எடுத்த படத்துக்கும் உள்ள வித்தியாசம் நமக்குத் தெரியும். பாய்மரக் கப்பலின் தளம் தண்ணீரிலிருந்து ஓரிரு மீட்டர் உயரம்தான். மிதக்கும் பனிக்கட்டியில் படுத்திருக்கும் வால்ரஸ், கடல்நாய் இரண்டும் ஏறக்குறையக் கண்மட்டத்தில் வரும். பெரிய கப்பலில் மாடித் தளத்திலிருந்து கீழே பார்த்து எடுக்க வேண்டும், பின்னணி முழுக்கத் தண்ணீராகவே வரும். ரப்பர் படகில் இறங்கினால் அந்தக் குறை தீரும் என்றாலும், அதற்கு முறை வரவேண்டும்.

இன்னொன்றையும் பலர் யோசிப்பதில்லை. பாய்மரக் கப்பல் நம்மை ஏற்றிப் போவதோடு நிற்பதில்லை, படத்துக்குள்ளும் வருகிறது. பனியாற்றின் முகப்பு எவ்வளவு பெரிது என்று வெறும் பனியை எடுத்தால் தெரியாது. அதற்கு முன்னால் பாய் விரித்த கப்பல் ஒன்று நின்றால் அளவு சட்டென்று பிடிபடும். அண்டார்க்டிகாவுக்குப் பயணம் போன ஷேக்கிள்டனின் எண்டூரன்ஸ் கப்பலோடு 1914-இல் போன புகைப்படக்காரர் ஃபிராங்க் ஹர்லி இதை நன்றாகப் புரிந்துவைத்திருந்தார். 1915-இன் துருவ இருட்டில், பனியில் சிக்கிய அந்தக் கப்பலைச் சுற்றிப் பல இடங்களில் ஃபிளாஷ் கொளுத்தி அவர் எடுத்த படத்தில் கப்பல்தான் கதாநாயகன். கப்பல் நொறுங்கியபின், எடுத்துப் போக முடியாது என்பதால் சுமார் 400 கண்ணாடித் தகடுகளைத் தன் கையாலேயே உடைத்துவிட்டு, 120 வாக்கில் மட்டும் காப்பாற்றினார். மெமரி கார்டு நிறைந்துவிட்டது என்று சலித்துக்கொள்ளும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்கிறேன்.

சரி, 12 பேர் மோட்டார் கப்பல்? பனிக்கரடி ஆசைக்காரர்கள் பலர் அதைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். பாய்மரக் கப்பல்கள் எஞ்சினில் மணிக்கு ஆறேழு கடல் மைல் வேகத்தில் நகர்பவை. சிறிய மோட்டார் கப்பல்களில் பல இன்னும் வேகமாகவும், பனிக்குள் துணிந்தும் போகும். கரடி தென்பட்ட இடத்துக்கு ஓடிப்போய் நிற்க அது வசதி. ஆனால் 2025 ஜனவரி 1 முதல் நிலைமை மாறிவிட்டது. இப்போது கரடியிடமிருந்து 300 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். மார்ச் 1 முதல் ஜூன் 30 வரை 500 மீட்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டரை மீட்டர் நீளக் கரடியை 300 மீட்டரிலிருந்து 600 மி.மீ. லென்ஸில் எடுத்தால், முழு அளவு சென்ஸாரில் அது 5 மி.மீ. தான் வரும், அதாவது ஃப்ரேமின் அகலத்தில் ஏழில் ஒரு பங்கு. 500 மீட்டரில் பன்னிரண்டில் ஒரு பங்கு. கண்ணில் ஒளி தெரியும் முகப்படம் இனி அங்கே கிடையாது. பனிப்பரப்பு, மலை, ஆகாயம், அதற்குள் சின்னதாய் ஒரு கரடி: அந்தப் படத்தைத்தான் எல்லோரும் எடுக்கப் போகிறார்கள், அதற்கு 70–200 போதும். மோட்டார் கப்பலுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்துக்கு முன்பிருந்த நியாயம் இப்போது இல்லை என்பது என் கருத்து. விதி கடுமையானதில் எனக்கு வருத்தமும் இல்லை. குட்டியோடு இருக்கும் கரடியை விரட்டி எடுத்த படம் யாருக்கும் தேவையில்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு. கடல் ஒத்துக்கொள்ளாதவர்கள், முழங்கால் வலி உள்ளவர்கள் மோட்டார் கப்பலையோ பெரிய கப்பலையோ பார்க்கலாம். பாய்மரக் கப்பல் ஆடும். ஏணி செங்குத்தாக இருக்கும், அறை சிறிது, பல பழைய கப்பல்களில் குளியலறை பொது. கப்பலில் டாக்டர் இருப்பதும் அரிது. வீட்டில் பெரியவர்களை அழைத்துப் போவதாக இருந்தால் யோசிக்காமல் பெரிய கப்பல்தான்.

பாய்மரம் என்றதும் முழுப் பயணமும் காற்றிலேயே நடக்கும் என்று எண்ண வேண்டாம். விரிகுடாக்களுக்குள் காற்று இல்லாத நாட்களில் எஞ்சின்தான். பாய் விரித்து எஞ்சினை அணைக்கும் நேரம் வந்தால், தளத்தின் அதிர்வு நிற்கும். பனிக்கட்டிக்குள் அடைபட்டிருந்த காற்று வெடித்து வெளியேறும் சடசடப்பு காதில் விழும். வீடியோ எடுப்பவர்களுக்கு அந்த ஒலிப்பதிவு வேறு கப்பலில் சுலபமாகக் கிடைக்காது. ட்ரோன் கொண்டுபோகாதீர்கள். ஸ்வால்பார்டின் பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் தடை, நாம் போகும் இடங்களில் பெரும்பாலானவை அந்தப் பகுதிகளே.

மெதுவான கப்பலில் தீவு முழுவதையும் சுற்ற முடியாமல் போகலாம். அப்படிப் போனால் ஹின்லோப்பன் நீரிணையில், ஆயிரமாயிரம் கில்லிமாட் கடற்பறவைகள் செங்குத்துப் பாறையில் அடுக்கடுக்காக நிற்கும் அல்கெஃபெல்லட்டை இழக்க நேரிடும். எனக்கு அது உண்மையான இழப்பாகவே படுகிறது. பறவைதான் முதல் ஆசை என்றால் ஜூலையில் போகும், அந்தப் பாறையைப் பாதையில் வைத்திருக்கும் பயணத்தைத் தேடுங்கள்; ஆகஸ்ட் நடுவில் அந்தப் பாறைகள் காலியாகிவிடும். ஆனால் ஜூலையில் பொன் வெளிச்சம் அந்த அளவு கிடைக்காது. இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும்.

வடமேற்குக் கரையோடு நிற்கும் பயணங்களில் நியூ-ஓலசுண்ட் என்ற ஆய்வாளர் குடியிருப்பு வரலாம். இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் 2008 முதல் அங்கேதான் இருக்கிறது. 1926-இல் நார்வே ஆய்வுப்பயணி அமுண்ட்சென் குழு வடதுருவத்துக்கு ஆகாயக் கப்பலில் கிளம்பியபோது அதைக் கட்டிய கம்பமும் நிற்கிறது. அந்த ஊரில் வானொலி அமைதி காக்க வேண்டும். ஃபோன் மட்டுமில்லை, கேமராவின் வைஃபை, புளூடூத்தையும் அணைத்துவிட வேண்டும்.

அண்டார்க்டிகாவுக்கு வருகிறேன். யூரோப்பாவில் 48 பேர் போகலாம். நீங்கள் அதில் பயணி மட்டுமல்ல, முறைவைத்துச் சுக்கான் பிடிக்க வேண்டும், கயிறு இழுக்க வேண்டும், முன்தளத்தில் காவல் நிற்க வேண்டும். அர்ஜெண்டினாவின் தென்கோடியில் இருக்கும் உஷுவையாவிலிருந்து டிரேக் நீரிணையைக் கடக்கப் பெரிய கப்பலுக்கு இரண்டு நாள். பாயில் அதைவிடக் கூடுதலாக ஆகும், திரும்பும்போதும் அப்படியே. மொத்தம் மூன்று வாரத்துக்கு மேல் விடுப்பு வேண்டும். கடற்பயணமே ஆசை என்றால் இதற்கு ஈடு கிடையாது. அல்பட்ராஸ் பறவை நாள் கணக்கில் கப்பலின் பின்னாலேயே வரும். ஆனால் படத்துக்காக மட்டும் போகிறவர் நாட்களைக் கணக்கிட்டால் கரையில் கிடைக்கும் நேரம் விகிதத்தில் குறைவு.

அண்டார்க்டிகாவில் ஒரே நேரத்தில் ஓரிடத்தில் 100 பேருக்கு மேல் இறங்கக் கூடாது என்பது பயண நிறுவனங்களின் கட்டுப்பாடு. நூற்றெண்பது பேர் கப்பலில் போனால் இரண்டு அணியாகப் பிரிந்து, நேரமும் பாதியாகும். அங்கே கரடி இல்லை என்பதால், கொடி நட்ட எல்லைக்குள் நம் இஷ்டத்துக்கு நடக்கலாம், ஒரு பெங்குவின் பக்கத்தில் ஐந்து மீட்டர் தள்ளி அமர்ந்திருக்கலாம். அதனால் பெரிய கப்பலின் குறை ஸ்வால்பார்டை விட அங்கே குறைவாகத்தான் உறுத்தும். எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு வேறொரு சிக்கல். தெற்கின் பருவம் நவம்பர் முதல் மார்ச் வரை. வடகிழக்கு மழை, சம்பா அறுவடை, பொங்கல், கோடியக்கரையின் பறவைக் காலம் எல்லாம் அதற்குள்தான் வருகின்றன. நிலம் வைத்திருப்பவர் தை மாதத்தில் மூன்று வாரம் ஊரை விட்டுப் போவது லேசான காரியமில்லை. ஆகஸ்ட் அப்படி இல்லை. அப்போது நம் சதுப்பும் பெரும்பாலும் காலியாகத்தான் கிடக்கும்.

கிரீன்லாந்தின் ஸ்கோர்ஸ்பி சுண்ட் என்ற நீண்ட கடற்கழியில், செப்டம்பரில் பாய்மரக் கப்பலில் பனிமலைகளும் துருவ ஒளியும் எடுக்கும் பயணங்களும் உண்டு. விலங்குகள் குறைவு, ஆடும் தளத்திலிருந்து இரவு ஒளியை எடுப்பது சிரமம். முதல் பயணத்துக்கு நான் சொல்லமாட்டேன். விசாவிலும் கவனம்: சாதாரண ஷெங்கன் விசா கிரீன்லாந்துக்குச் செல்லாது, தனியாகக் குறிப்பு வேண்டும். ஸ்வால்பார்டுக்கு விசா கேட்பதில்லை என்றாலும் ஆஸ்லோ வழியாகப் போய் அதே வழியாகத் திரும்ப வேண்டியிருப்பதால், இரண்டு முறையாவது நுழைய அனுமதிக்கும் ஷெங்கன் விசா எடுக்க வேண்டும். ஒரே முறை நுழையும் விசாவோடு போனால் திரும்பும்போது மாட்டிக்கொள்வீர்கள்.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஏசி காரிலிருந்து இறங்கினால் லென்ஸ் வியர்ப்பது நமக்குப் பழக்கம். அங்கே குளிரிலிருந்து சூடான அறைக்குள் நுழையும்போது அது நடக்கும். உள்ளே வருமுன் கேமராவைப் பையில் போட்டு இறுக மூடி, சூடேறிய பிறகு திறக்க வேண்டும். பேட்டரி சீக்கிரம் இறங்கும், இரண்டு மடங்கு எடுத்துப் போங்கள், உள்சட்டைப் பையில் வையுங்கள். பனியில் கேமரா இருட்டாக எடுக்கும் என்பதால் ஒன்று முதல் ஒன்றரை ஸ்டாப் கூட்டிக்கொள்ளுங்கள். ட்ரைபாட் கப்பலில் உதவாது. ஷட்டர் வேகத்தை ஆயிரத்தில் ஒன்றுக்குக் கீழே விடாதீர்கள்.

முன்பணம் கட்டுமுன் நிறுவனத்திடம் நாலு விஷயம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: வழிகாட்டிகள் எத்தனை பேர், ரப்பர் படகு எத்தனை, இரவில் இறங்க முடியுமா, கடல் மோசமானால் மாற்றுப் பாதை என்ன. ஹெலிகாப்டரில் மீட்கும் செலவையும் ஏற்கும் காப்பீடு இல்லாமல் கிளம்ப வேண்டாம். சைவம் சாப்பிடுகிறவர்கள் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். சமையல்காரர் ஒரே ஆள், நடுக்கடலில் காய்கறிக் கடை கிடையாது.