மதுரைத் தட்பவெப்பத்தில் பிக்சல் உணரிச் சோதனை: ஒரு பயன்பாட்டு அனுபவம்

மதுரையில் துகள் இயற்பியல் என்றால் நியூட்ரினோ ஆய்வுக்கான முன்மாதிரிக் கருவியான மினி-ஐக்காலின் இரும்புத் தகடுகளும் அவற்றுக்கிடையே உள்ள ஆர்.பி.சி. எனும் வாயு நிரப்பிய உணரிகளுமே பலருக்கும் நினைவுக்கு வரும். நாகமலைப் பக்கத்தில் உள்ள எங்கள் ஆய்வகத்தில் சோதிப்பவை துகள் கடந்த இடத்தைக் காட்டும், விரல்நக அளவிலான சிலிக்கான் பிக்சல் உணரிகள். அதற்குச் சில ஆண்டுகளாகக் மின்னழுத்தம் கொடுத்து மின்னோட்டத்தை அளக்கும் கீத்லி 2410 சோர்ஸ் மீட்டரையும், உணரியை ஊசியால் தொட்டு அளக்க உதவும், கையால் இயக்கும் ப்ரோப் ஸ்டேஷனையும், ஓர் இருட்டுப் பெட்டியையும் பயன்படுத்தி வருகிறோம்.

சோர்ஸ் மீட்டரில் குறை சொல்ல ஏதுமில்லை. 1,100 வோல்ட் வரை கொடுத்துக்கொண்டே நானோ ஆம்பியர் அளவிலான கசிவு மின்னோட்டத்தையும் (துகள் எதுவும் படாதபோதும் உணரியில் ஓடும் சிறு மின்னோட்டம்) அளந்துவிடுவதால், அது திடீரென எகிறும் முறிவு மின்னழுத்தத்தைக் கண்டறிய வேறு கருவி வேண்டியதில்லை. தொல்லை தருவது ஊரின் தட்பவெப்பம்தான். சிலிக்கானின் கசிவு மின்னோட்டம் ஏறத்தாழ 7 அல்லது 8 டிகிரி செல்சியஸுக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் என்பதால், சித்திரை வெயிலில் ஏ.சி. நின்று அறை 35 டிகிரியைத் தொட்டால், 20 டிகிரியில் காட்டியதைப்போல் மூன்றரை மடங்கு மின்னோட்டத்தை நல்ல உணரியும் காட்டும். விவரம் அறியாதவர் அதைப் பழுதென்று ஒதுக்கிவிடுவார். ஆகவே உணரி அமரும் உலோகத் தட்டிலேயே பி.டி.-100 வெப்ப உணரியைப் பொருத்தி, ஒவ்வோர் அளவீட்டுடனும் வெப்பநிலையைப் பதிந்து, எல்லாவற்றையும் 20 டிகிரிக்கு மாற்றிய பிறகே ஒப்பிடுகிறோம்.

வெப்பத்துக்காவது சூத்திரம் உண்டு. ஈரப்பதத்துக்கு அதுவும் இல்லை. ஐப்பசி மழைநாளில் மின்னழுத்தத்தை மாற்றாமல் வைத்திருந்தாலும் மின்னோட்டம் மெல்ல ஏறிக்கொண்டே போகும். பெட்டிக்குள் உலர் நைட்ரஜனைச் செலுத்தினால் அதே உணரி பழைய நிலைக்கு இறங்கிவிடும். ஏறியது உணரியின் பரப்பில் ஓடிய மின்னோட்டமேயன்றி, சிலிக்கானுக்குள் எந்தக் கோளாறும் இல்லை.

இருட்டுப் பெட்டியை மட்டும் பாராட்ட முடியவில்லை. கேபிள் நுழையும் துளை வழியே ஒளி கசிந்து மின்னோட்டத்தைக் கூட்டியதால், அறையின் டியூப்லைட்டை அணைத்தால்தான் மின்னோட்டம் இறங்கியது. விற்றவர் கண்டுகொள்ளவில்லை, கறுப்புத் துணியும் டேப்பும் போட்டு நாங்களே அடைத்தோம்.

ப்ரோப் ஸ்டேஷன் கையால் இயங்குவது ஒரு குறையாகத் தெரியவில்லை. பிக்சல்களின் குறிகையைப் பெறும் வாசிப்புச் சில்லுடன் உணரியை இணைப்பதற்கு முன் ஆயிரக்கணக்கான பிக்சல்களையும் ஒவ்வொன்றாகத் தொட வேண்டியதில்லை. உணரியிலேயே அமைந்த, மின்னழுத்தம் கொடுப்பதற்கான சார்பு வலை அவற்றை ஒன்றாகக் கோத்திருப்பதால், ஒரு டங்ஸ்டன் ஊசி போதும். ஊசியை அழுத்தினால் அது தொடும் அலுமினியத் திண்டு கீறிக்கொள்ளும் என்பதால், நுண்ணோக்கியில் முனை சற்றே சறுக்குவது தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும்.

சிலிக்கானுக்குள் மின்னூட்ட ஊர்திகள் நீங்கிய இயக்கமில்லாப் பகுதி முழுதும் விரிவதற்கான மின்னழுத்தத்தை அறிய மின்தேக்குத்திறனையும் அளக்க வேண்டும், அதற்கு எல்.சி.ஆர். மீட்டர் தனியே வாங்க வேண்டியிருக்கும். தானியங்கி ஸ்டேஷனுக்குச் செலவிடும் பணத்தை அதற்கும் நைட்ரஜனுக்கும் ஒதுக்குவதே நல்லது என்பேன். கதிர்வீச்சுக்கு உள்ளான உணரிகளைச் சோதிப்போருக்கு இந்த ஏற்பாடு உதவாது. அவற்றின் கசிவு மின்னோட்டம் மிக அதிகம் என்பதால், சுழியத்துக்குக் கீழே குளிர்விக்கும் தட்டு அவர்களுக்குத் தேவைப்படும்.